வெண்ணெய்க் கை

ஷெப்பர்டனில் பகல் முழுக்க நாற்பத்தோரு டிகிரி.
அதில் ஓவனையும் மூட்டினால்
வீட்டுக்குள் இன்னொரு சூரியன்.
ஆகவே நள்ளிரவில் சுடுகிறேன்.

பழத்தோட்டத்து ஃபாத்மிரே வேலிக்கு மேலே நீட்டிய பெட்டி:
ஆலங்கட்டி அடித்துத் தழும்பேறிய பீச்சுகள்.
கடைக்காரன் எடுக்கமாட்டான், கேனரியும் எடுக்காது.
தழும்புக்கு ஒரு விரற்கடை தள்ளி வெட்டினால்
உள்ளே அப்படியொரு மஞ்சள்.

சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நிற்கிறது போன்.
அதற்குள் ஆஸ்திரேலிய டாலரும் அமெரிக்க டாலரும்
மயிரிழை மயிரிழையாய் மல்லுக்கட்டுகின்றன.

நான் இதற்குப் புதுசு.
மூன்று மாதம் பொய்ப்பணத்தில் ஆடிப் பழகினேன்.
பொய்ப்பணத்தில் நான் மகாராணி,
தோற்ற இரவிலும் நன்றாகத் தூங்கினேன்.
பிறகு நானூறு டாலர் போட்டேன்,
வாடகையில் கைவைக்காத நானூறு,
தொலைந்தாலும் யாரிடமும்
சொல்ல வேண்டியிராத நானூறு.

ஃப்ரிட்ஜ் கதவில், எலுமிச்சைக் காந்தத்துக்குக் கீழே
என் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கிறது:
ஒரு ஆட்டத்துக்கு நாலு டாலருக்கு மேல் தோற்காதே.
ஸ்டாப் லாஸைக் கீழே நகர்த்தாதே.
பெரிய செய்தி வரும் நேரம் உள்ளே நிற்காதே.

மூன்றாவதை இன்று மீறிவிட்டேன்.
பன்னிரண்டரைக்கு அமெரிக்காவின் வேலைக்கணக்கு வருகிறது.
மறந்துபோச்சு என்று எழுத ஆசைதான்,
மறக்கவில்லை.
சாயங்காலம் மூன்று டாலர் லாபத்தில் இருந்தது,
ஐந்தாகட்டும், ஒரு காபிக் காசு என்று விட்டேன்.

மாவில் குளிர்ந்த வெண்ணெய்.
நுனிவிரலால் நிமிண்டி நிமிண்டி உதிர்க்க வேண்டும்.
உள்ளங்கை பட்டால் உருகும், பிசைந்தால் கெட்டது.
புட்டு மாவின் பதம்:
பிடித்தால் பிடிபடும், தொட்டால் உதிரும்.

பன்னிரண்டு இருபத்தெட்டு.
விலை வந்து ஸ்டாப் லாஸின் தலைமேல் உட்கார்ந்துவிட்டது.
கொஞ்சம் கீழே தள்ளிவை, திரும்பிடும்
என்கிறது எனக்குள் ஒரு குரல்.
அந்தக் குரலை எனக்குத் தெரியும்.
டாண்டினாங்கில் இன்னாசி
ராத்திரி முழுக்க அதே குரலில் சொல்லிக்கொண்டிருந்தான்,
திரும்பிடும், திரும்பிடும்.
அவனுடைய மாஸ்டா கார்தான் திரும்பவில்லை.

தெரிந்தும் விரல் போனது.
கண்ணாடிக்கு என் விரல் அடையாளம் தெரியவில்லை.
மாவும் வெண்ணெயும் ஒரு கோடாக இழுபட்டன,
கோட்டுக்கு அடியில் விலை.
முழங்கையால் துடைத்தேன், இன்னும் மசமசப்பு.
மூக்கால் அழுத்தினேன்,
டார்ச் எரிந்தது.

குழாயில் இந்நேரத்திலும் வெந்நீர்தான்.
சோப்புப் போட்டு, தேய்த்து,
பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தால்
முடிந்திருந்தது.
நாலு என்று எழுதிவைத்தது ஆறாக வெட்டுப்பட்டிருந்தது.
சந்தை நடந்து வந்தால் வரம்பில் நிற்கும்,
தாவி வந்தால் தாண்டித்தான் விழும்.
பத்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தேன்.
நகர்த்தியிருந்தால் பதின்மூன்று.

பதின்மூன்று டாலருக்கு யாரும் செத்துவிடமாட்டார்கள்.
இன்னாசியின் முதல் நட்டம் ஒன்பது டாலர்.

என் புத்தி என்று சொல்லமாட்டேன். வெண்ணெய்.

பீச்சுத் துண்டுகள் மேல் மாவைத் தூவி
நூற்றெண்பதில் நாற்பது நிமிடம்.
இருபது ஆவதற்குள் மூன்று முறை கதவைத் திறந்து பார்த்தேன்.
இதற்கும் ஒரு தாள் ஒட்ட வேண்டும்.
ஓரங்களில் சாறு கொப்பளித்து மேலேறியது,
ஒரு மூலை கருகிவிட்டது.
கருகலை நான் சுரண்டித் தின்றேன்,
கசப்புக்கு அடியில் நல்ல இனிப்பு.

ஒன்றரைக்கு இருதயராஜ் கேனரியிலிருந்து வந்தான்,
சட்டையெல்லாம் சர்க்கரைப் பாகு வாசம்.
பழமே பார்க்கப் பிடிக்காதவன்
நின்றபடியே இரண்டு கிண்ணம் காலி செய்தான்.

"நல்லாருக்கே. எவ்வளவு ஆச்சு?"

ஆறு டாலர் என்றேன்.

வெண்ணெய் விலை
ரொம்பத்தான் ஏறிப்போச்சு என்றபடி
கரண்டியை நக்கினான்.